ஆவக்காய் ஜாடியில் ஒரு பருக்கை

ஜாடியின் வேடு துணியை அவிழ்த்ததுமே ஜானகி அலறினாள். ஆவக்காயின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பூஞ்சணம். நடுவில் பச்சைப் பொடி.

"போன வாரம் தூரமா இருந்தப்போ நீ அடுக்களைக்குள்ள நடமாடிண்டே இருந்தியே, அப்பவே நினைச்சேன். இனிமே அந்த மூணு நாள் நீ இங்கே வரப்படாது. சொல்லிட்டேன்."

மருமகள் ஷண்முகப்ரியாவுக்குக் காது மடல் சுட்டது. அடையாறில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் நடத்துகிறவள் அவள். மாதவிலக்கானவள் பக்கத்தில் போனால் ஊறுகாய் கெடுமாம்! கல்யாணமான எட்டு மாதத்தில் எத்தனையோ விட்டுக்கொடுத்தாயிற்று. இதையும் விட்டால், மாதா மாதம் தன் வீட்டு அடுக்களைக்கே வெளியே நிற்க வேண்டியதுதான்.

"அம்மா, பூஞ்சையோட வித்து காத்துல எப்பவும் மிதந்துண்டுதான் இருக்கு. உங்க தலைமேலயும் இருக்கு, என் தலைமேலயும் இருக்கு. ஈரமும் தீனியும் கிடைச்சாதான் முளைக்கும். நூல் நூலா ஓடும், அதான் இந்த வெள்ளை. வயிறு ரொம்பினதும் எழும்பி நின்னு புது வித்து விடும், அதான் பச்சை. எண்ணெய்க்கு மேல ஈரம் எப்படி வந்ததுன்னு கேளுங்கோ!"

"காலேஜ் பாடத்தை காலேஜோட வச்சுக்கோ."

ப்ரியா கரண்டிக் காம்பால் பூஞ்சணத்தை விலக்கினாள். நூல்களெல்லாம் கிளம்பிய இடத்தில், நட்ட நடுவில், ஒரு தயிர்சாதப் பருக்கை.

தட்டும் கரண்டியுமாக நின்றுகொண்டே சாப்பிட்டு, அதே கரண்டியை ஜாடிக்குள் விடுகிற ஆள் அந்த வீட்டில் ஒருவன்தான். எல்லாம் காதில் விழுந்தும் அவன் கூடத்தில் லேப்டாப்பில் கவிழ்ந்திருந்தான்.

"அஸ்வத்! இங்கே வா. இது யார் சாதம்?" என்று ப்ரியா குரல் கொடுத்தாள்.

புருஷன் வந்தான். பார்த்தான்.

"நான்தாம்மா. வெள்ளிக்கிழமை... அவசரத்துல எச்சக் கரண்டியைப் போட்டுட்டேன்."

ஜானகியின் முகம் அந்த நொடியே இளகியது. "போறதுடா கண்ணா. ஆம்பளைப் பிள்ளை, பசி வேளை. ஒரு ஜாடிதானே!"

ப்ரியாவுக்கு அப்போதுதான் உண்மையாகவே பற்றிக்கொண்டு வந்தது. அவள் நடந்தால் தீட்டு, பிள்ளை எச்சில் பண்ணினால் பசியா?

ஆனால் அவள் திரும்பியது புருஷன் பக்கம். "என்மேல பழி விழறச்சே உன் வாய் எங்கே போச்சு? பருக்கை அகப்பட்டாதான் பேச்சு வருமா? அப்புறம் ரூமுக்குள்ள வந்து ஸாரி சொன்னா நான் கேட்க மாட்டேன். இப்பவே, இங்கேயே சொல்லு."

வழக்கமாக இந்த இடத்தில் நழுவிவிடுகிறவன், அன்று நகரவில்லை.

"அம்மா, அவ முப்பது நாளும் அடுக்களைக்குள்ள வருவா. யாரையாவது மூணு நாள் வெளியே நிறுத்தணும்னா என்னை நிறுத்து."

"நீ உள்ளே வந்து என்னத்தைக் கிழிக்கறே, உன்னை நிறுத்த?" என்று முணுமுணுத்தபடி ஜானகி கதவோரமாக ஒதுங்கினாள்.

ப்ரியாவுக்குச் சிரிப்பு முட்டியது. காட்டிக்கொள்ளவில்லை, கோபம் இன்னும் பாக்கி இருந்தது. ஜாடியைத் தூக்கி அவன் கையில் திணித்தாள்.

"உள்ளே வந்து கிழிக்கறதையும் இன்னிக்கே ஆரம்பி. கொட்டிட்டு, சுடுதண்ணி விட்டுத் தேய்."