அவனுக்குப் போட்ட கதிரை

விழா மேடையில் ரொபின்சனுக்கும் ஒரு கதிரை போடப்போகிறார்கள் என்ற கதை தாழ்வுபாட்டு ஊருக்குள் வந்தபோது, அதை முதலில் நம்பாதவன் ரொபின்சன்தான். ஆறு வருசம் மறியலில் கம்பி எண்ணிவிட்டு வந்தவனுக்குக் கோவிலில்கூடக் கடைசி வாங்கிலில்தான் இடம். யாரும் விரட்டவில்லை. அவன் போய் உட்கார்ந்தால் அந்த வாங்கிலில் மற்றவர்கள் இருக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

கதையைக் கொண்டுவந்தவன் யசோதரன். விடுதலையாகி வருகிறவர்களுக்கு வாழ வழி காட்டுகிறோம் என்று ஒரு நிறுவனம் மன்னாரில் கந்தோர் திறந்திருந்தது. அதில் அவன் உத்தியோகத்தன். பாப்பாமோட்டைப் பொடியன், நல்லவன். என்ன, எதைப் பேசினாலும் பதாகையில் எழுதுகிற மாதிரித்தான் பேசுவான்.

"அண்ணை, நீங்கள்தான் எங்கட வெற்றிக்கதை. மறியலுக்குள்ள பேக்கரி வேலை படிச்சீங்கள், சோதினை பாஸ் பண்ணினீங்கள், இப்ப சொந்தமாப் போறணை போட்டுப் பாண் சுடுறீங்கள். நீங்கள் மேடையில இருக்காமல் வேற ஆர் இருக்கிறது?"

"மேடையில இருக்கிற அளவுக்கு நான் என்னத்தை வெட்டிக் கிழிச்சனான் தம்பி?"

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. கொழும்பிலயிருந்து மறியல் திணைக்களத்துப் பெரிய ஐயா வாறார். உங்களுக்கு அவருக்குப் பக்கத்துக் கதிரை."

திருந்தினவனைக் காட்டினால்தானே திருத்தினவர்களின் கழுத்தில் மாலை விழும். அது ரொபின்சனுக்கு விளங்காமல் இல்லை. அவன் திருந்துவதற்கு முன்னர் செய்ததுதான் என்ன? கூலிக்குக் கடலுக்குப் போனான். ஒரு விடியற்காலை கரைக்கு வந்த படகில் மீனுக்குக் கீழே கஞ்சாப் பொதி பிடிபட்டது. படகும் அவனுடையதல்ல, பொதியும் அவனுடையதல்ல. பொதிக்காரர் யாரென்று வாய் திறந்தால் வீட்டில் இருக்கிறவர்களுக்கு என்ன நடக்கும் என்று தெரிந்ததால் பேசாமல் இருந்தான். மறியல் மட்டும் அவனுக்கென்று வந்து சேர்ந்தது.

அதற்காக மேடை ஏற மாட்டேன் என்று சொல்லியிருப்பான். சொல்லாமல் ஓமென்றது மகளுக்காக.

கைக்குழந்தையாக விட்டுப்போன ஜொய்சிக்கு இப்போது எட்டு வயது. தாயோடு பேசாலையில், அம்மம்மா மெற்றில்டாவின் வீட்டில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஜொய்சி என்று பெயரில்லை, கஞ்சாக்காரன்ர மோள். ஒவ்வொரு ஞாயிறும் ரொபின்சன் தான் சுட்ட பணிஸ் கட்டிக்கொண்டு பேசாலைக்குப் போவான். அவள் பணிஸை வாங்குவாள், கடைக்காரனுக்குச் சொல்லுகிற மாதிரி நன்றி சொல்லுவாள், உள்ளே போய்விடுவாள். போன பிள்ளை பிறகு வெளியில் வராது. அவன் முற்றத்துக் கதிரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுச் சைக்கிளை எடுப்பான்.

"நான் உங்களோட வரமாட்டன் எண்டு சொல்லேல்லை," என்று மனுசி கிருஷாந்தினி பல தடவை சொல்லியிருக்கிறாள். "பிள்ளைதான் மாட்டன் எண்டு நிக்குது. கையில பிடிச்சு இழுத்துக்கொண்டே வாறது?"

மேடைக் கதையைக் கேட்டபோது அவளே ஒரு வழி சொன்னாள்.

"அப்ப அவளைக் கூட்டிக்கொண்டு வாறன். தேப்பனை நாலு பேர் மதிக்கிறதை அவள் ஒருக்காத் தன்ர கண்ணால பாக்கட்டும். மனம் இளகினாளெண்டால் அப்பிடியே தாழ்வுபாட்டுக்கு வந்திடுறம்."

இந்தக் கடைசி வசனத்தை ரொபின்சன் அந்தக் கிழமை முழுக்க மாவோடு சேர்த்துப் பிசைந்தான். வீட்டுக்கு வெள்ளை அடித்தான். பிள்ளைக்கு ஒரு கட்டில் வாங்கிப் போட்டான். பேச வேண்டியதை எழுதி, போறணைக்கு முன்னால் நின்று பாடமாக்கினான். விழாவுக்கு மீன் பணிஸும் தானே தருகிறேன் என்று யசோதரனிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். நல்ல மீன் போட்டான்.

விழா மன்னார் நகரத்து மண்டபம் ஒன்றில் நடந்தது. மேடைக் கதிரைகளுக்கு வெள்ளைத் துணி உறை போட்டு, முதுகில் சிவப்பு நாடாவால் பூக்கட்டு வைத்திருந்தார்கள். தன்னுடைய கதிரைக்கு மட்டும் உறை இல்லாமல் விட்டிருப்பார்கள் என்று ரொபின்சன் நினைத்திருந்தான். அதற்கும் இருந்தது. தொட்டால் ஊத்தையாகிவிடுமோ என்று கையைச் சாரத்தில் துடைப்பதுபோலக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

கிருஷாந்தினியும் ஜொய்சியும் முன்பக்கத்திலேயே இருந்தார்கள். ஜொய்சி முதலில் கதிரையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். தாயின் காதுக்குள் ஏதோ சொன்னாள். கிருஷாந்தினி சிரித்துக்கொண்டு தலையாட்டினாள். அந்தச் சிரிப்பைக் கண்டதும் ரொபின்சனுக்கு ஆறு வருசமும் போனால் போகட்டும் என்றிருந்தது.

பெரிய ஐயா வந்தார். அவன் இருந்த மறியலில் வேலை பார்த்தவரல்ல, கண்டறியாத மனிதர். முகத்தைப் பார்த்தால் சாந்தமானவர். விளக்கேற்றினார்கள். தேசிய கீதத்துக்கு மண்டபமே எழும்பி நின்றது. ரொபின்சனும் மேடையில், கனவான்களுக்கு நடுவில், நிமிர்ந்து நின்றான். கீதம் முடிந்தது. வந்தவருக்கு விளங்கட்டும் என்று யசோதரன் ஒலிவாங்கியில் சிங்களத்தில் சொன்னான்:

"கருணாகரலா வாடிவென்ன."

தயவுசெய்து அமருங்கள் என்று அர்த்தம். அதில் ஒரு துளி மரியாதைக் குறைவும் இல்லை.

ஆனால் மறியலில் காலையும் மாலையும் ஆள் எண்ணும்போது காவலாளி போடுகிற சத்தமும் அந்தச் சொல்தான். கருணாகரலா என்ற தயவு இருக்காது, மிச்சம் இருக்கும். 'வாடிவெயல்லா' என்று கேட்டால் நின்ற இடத்தில் குந்தவேண்டும். தலை குனிந்திருக்கவேண்டும், இரண்டு கையும் பிடரியில் இருக்கவேண்டும். பிந்திக் குந்துகிறவனுக்கு முதுகில் பொல்லு விழும். சிங்களம் ஒரு சொல்லும் தெரியாமல் உள்ளே போன ரொபின்சன் முதன்முதல் படித்த சொல் அது. காதால் படிக்கவில்லை, முழங்காலால் படித்தான். பேக்கரிப் படிப்புக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். இந்தப் படிப்புக்கு அப்படி ஒன்றும் கொடுக்கவில்லை, ஆனால் இதில்தான் அவன் வகுப்பில் முதலாம் பிள்ளை.

'வாடி' என்றது மட்டும்தான் காதில் விழுந்தது. மண்டபம் முழுக்கக் கதிரைகளில் அமர்ந்திருந்தது. ரொபின்சன் மேடையில், தனக்குப் போட்ட வெள்ளைக் கதிரைக்கு முன்னால், கீழே குந்தியிருந்தான். தலை குனிந்திருந்தது. கையிரண்டும் பிடரியில் இருந்தன.

கண்ணுக்கு நேரே பெரிய ஐயாவின் மினுங்குகிற சப்பாத்து தெரிந்தது. மறியலில் சப்பாத்துத் தெரிந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று அர்த்தம். அதனால் அவன் அப்படியே இருந்தான். பின்னுக்கு யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவனைத் திரும்ப மன்னாருக்குக் கொண்டுவந்தது.

பதறி எழும்பிக் கதிரையில் இருந்தான். அதற்குள் பெரிய ஐயாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவனுடைய தோளில் தட்டி, யசோதரனிடம் ஏதோ சொன்னார். யசோதரன் ரொபின்சனை ஒருக்காப் பார்த்தான். ஆனால் ஒலிவாங்கி கையில் இருந்தால் அவனால் பேசாமல் இருக்க முடியாது.

"ஐயா சொல்லுறார், இவரிட்ட இருக்கிற பணிவையும் ஒழுக்கத்தையும் பாத்து நாங்கள் எல்லாரும் படிக்கவேணும் எண்டு."

கைதட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள். படம் பிடிக்கிறவனும் தன் வேலையைச் செய்து முடித்திருந்தான்.

ரொபின்சனுக்கு வந்த ஆத்திரத்துக்கு ஆளில்லை. பெரிய ஐயா பாராட்டினார், யசோதரன் மரியாதையாகத்தான் சொன்னான், சனம் கைதட்டியது. யாரைப் பிடித்து உலுக்குவது? தன்னுடைய இரண்டு முழங்காலையும் வெட்டிக் கடலில் எறியலாம் போலிருந்தது. பேச எழுப்பியபோது பாடமாக்கியதில் ஒரு சொல்லும் வரவில்லை. நன்றி என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தான். அதையும் பணிவென்று தட்டினார்கள்.

பிறகு தேத்தண்ணி கொடுத்தார்கள். பெரிய ஐயா மீன் பணிஸ் ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றும் எடுத்தார். ரொபின்சன் யாரையும் பார்க்காமல் மேடையால் இறங்கி மனுசியிடமும் பிள்ளையிடமும் போனான்.

கிருஷாந்தினி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஜொய்சி தாயின் சீலைத் தலைப்பைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு எதையாவது சொல்லவேண்டும். அது பழக்கத்தில் வந்தது மகள், அப்பா வேணுமெண்டு செய்யேல்லை என்று சொல்லவேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்பதற்காக, சின்னப் பிள்ளையோடு பேசுகிற எந்தத் தகப்பனும் செய்கிற மாதிரி, அவளுக்கு முன்னால் முழங்காலை மடித்துக் குந்தினான்.

"மகள்..."

ஜொய்சி ஓரடி பின்னுக்குப் போனாள். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். கோபத்தில் அல்ல, கெஞ்சுகிற மாதிரி, அவனுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்:

"குந்தாதேங்கோ அப்பா. எல்லாரும் பாக்கினம்."

ரொபின்சன் உடனே எழும்பி நின்றான்.

"பேசாலை பஸ் வெளிக்கிடப்போகுது," என்றாள் கிருஷாந்தினி, அவனுடைய முகத்தைப் பார்க்காமல். "நாங்கள் போட்டு வாறம்."

மண்டப வாசலைத் தாண்டி அவர்கள் தெருவுக்கு இறங்கும்வரை அவன் நின்ற இடத்திலேயே நின்றான். மறியலால் வந்த பிறகு பிள்ளை அவனை அப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.