வீட்டுத் துணிக் குறி

மறுஎண்ணிக்கையில் சலவைக் கடைக்காரரும் எதிராளியும் சரிசமமாக வந்து நின்றார்கள். குலுக்கல் வேண்டாம், சமம் என்றால் பழைய முடிவே நிற்கட்டும் என்று இருவரும் முன்பே ஒப்புக்கொண்டிருந்தார்கள். மேசையில் மிச்சம் ஒரே ஒரு வாக்குச்சீட்டு.

வார்டுத் தேர்தலில் ஒரு ஓட்டில் தோற்று, செல்லாதவை என்று ஒதுக்கிய சீட்டுகளைத் திரும்பப் பார்க்கச் சொல்லி அவர் மனுப் போட்டபோது தெருவே சிரித்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "எண்ணினதுல ஏதோ தப்பு இருக்குங்க. விட்டுடாதீங்க." ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் இதையேதான் சொன்னாள். வழக்கு முடியும்வரை அவள் இருக்கவில்லை.

தேர்தல் அதிகாரி சீட்டைக் கடைக்காரர் பக்கம் திருப்பி வைத்தார். அவர் பெயருக்கு நேரே தெளிவான பெருக்கல் குறி. அதை ஒட்டிப் பென்சிலால் ஒரு சின்ன வளையம், உள்ளே இரண்டு புள்ளி.

அவர் சீட்டின் மேல் குனிந்தார். கடைக்கு வரும் துணிகளுக்குக் காலரின் உள்பக்கம் மையால் குறி போடுவது அவள் வேலை. ஆளுக்கொரு குறி. வளையமும் இரண்டு புள்ளியும் சொந்த வீட்டுத் துணிக்கு. ஊர்த் துணியோடு கலந்து காணாமல் போய்விடக் கூடாதே என்று. பைத்தியக்காரி, ஓட்டும் அப்படிக் கலந்துபோகும் என்று பயந்திருக்கிறாள்!

"வெறும் கிறுக்கல்னா ஓட்டு செல்லும். போட்டது யாருன்னு காட்டுற அடையாளம்னா செல்லாது," என்றார் அதிகாரி. "இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?"

தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். அவள் ஆசைப்பட்டதும் இந்த வெற்றிக்குத்தான். அவருடைய வக்கீல் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தார். கடைக்காரர் வாயைத் திறந்தார். இத்தனை பேர் முன்னால் அவளைத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"என் வீட்டுக்காரி போட்டதுங்க."

வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, சீட்டின் மூலையில் 'செல்லாது' என்று எழுதினார்.

"ஐயா, இத நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாங்களா?"

"முடியாதுங்க. சீல் வெச்சு வெக்கணும். அப்புறம் எல்லாத்தையும் எரிச்சிடுவாங்க."

குமாஸ்தா அதைச் செல்லாத சீட்டுக் கட்டுக்கு நடுவில் செருகி, உறையில் போட்டு, அரக்கை உருக்கி உறையின் வாயில் சொட்டவிட்டார். கடைக்காரர் தன் சட்டைக் காலரின் உள்பக்கத்தை விரலால் தடவியபடி பார்த்துக்கொண்டே நின்றார்.