நெல்லுக்குள் இருந்த விளையாட்டு

முகம்மது யூசுப் ஷார்ஜாவிலிருந்து மகள் ஹலீமாவுக்கு ஒரு வீடியோ கேம் அனுப்பியிருந்தார். கைக்குள் அடங்குகிற ஊதா நிறப் பெட்டி. சிறகு முளைத்த யானையைத் தேடி ஓர் இளவரசி ஏழு கோட்டைகளைக் கடக்கும் கதை அதில் ஓடியது. முந்தைய வருஷம் கும்பகோணத்தில் தமிழ் பேசி நாற்பது நாள் ஓடிய ஆங்கிலப் படத்தின் கதைதான் அது. அந்தப் படத்துக்கு ஹலீமாவையும் அவளோடு ஆறாம் வகுப்பில் படித்த கண்ணாத்தாளையும் ஹலீமாவின் தாய் நூர்ஜஹான்தான் கூட்டிப்போனாள். யானை பறந்தபோது இரண்டு பேரும் நாற்காலி மேல் ஏறி நின்று திட்டு வாங்கினார்கள்.

நோன்பு தொடங்கிய முதல் நாள், எல்லா வருஷமும்போல் நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குப் பாத்திரத்தோடு வந்தாள் கண்ணாத்தாள். யாருக்கும் தெரியாமல் ஹலீமா அந்தப் பெட்டியை அவள் பையில் போட்டுவிட்டாள்.

"பத்து நாள் வச்சுக்கடி. அஞ்சாவது கோட்டைய நீ தாண்டிக் காட்டு பார்ப்போம்."

அந்தப் பத்து நாளுக்குள் இரண்டு வீடுகளும் எதிரெதிராக நின்றுவிட்டன.

கண்ணாத்தாளின் தாய் காளியம்மாள் பயிர் செய்த ஐந்து மா நிலம், ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல், ஹலீமா வீட்டாருடையது. காளியம்மாளின் புருஷன் வைரக்கண்ணு உயிரோடு இருந்த காலத்திலிருந்து குத்தகை. அறுவடை முடிந்ததும் நெல்லை அளந்து கொட்டிவிட்டு வருவார்கள். ரசீது எழுதும் பழக்கம் இரண்டு பக்கமும் கிடையாது. இப்போது யூசுபின் அண்ணன் ஹாஜா மைதீன் அந்த நிலத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்கப் பேசிக்கொண்டிருந்தார். காவிரியில் அந்த வருஷமும் நேரத்துக்குத் தண்ணீர் வரவில்லை. விளையாத மண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர் கேள்வி. பம்புசெட் தண்ணீர் வாங்கிக் குறுவைப் பயிரை விளையவைத்துக் காட்டினாள் காளியம்மாள். கூடவே, தன் பெயரைக் குத்தகைதாரராகப் பதியச் சொல்லித் தாலுகா ஆபீசில் மனுவும் கொடுத்தாள்.

ஊரில் இரண்டு கட்சிக் கொடிக்கம்பங்கள் உண்டு. உழுகிறவனுக்கே நிலம் என்று இரண்டின் அடியிலும் மைக்கில் முழங்கியிருக்கிறார்கள். இந்த ஐந்து மாவுக்காக இரண்டில் ஒன்றிலிருந்தும் யாரும் வரவில்லை.

ஹாஜா மைதீனின் வக்கீல் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "அந்தம்மா கையால ஒரு படி நெல் வாங்கினாலும் குத்தகைய ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வாசப்படி தாண்ட விடாதீங்க."

அப்படியே காளியம்மாள் கொண்டுவந்த குத்தகை நெல்லை ஹாஜா மைதீன் வண்டியோடு திருப்பி அனுப்பினார்.

அந்த வாரம்தான் வீடியோ கேமைக் காணோம் என்பது தெரிந்தது. ஹாஜா மைதீன் கேட்டபோது ஹலீமா பயந்துபோய், "தெரியல பெரியத்தா" என்று சொல்லிவிட்டாள். சின்னப் பொய்தான். அதைப் பிடித்துக்கொண்டு அவர் பெரிய முடிவுக்கு வந்தார்.

"இந்த வீட்டுக்குள்ள வந்து போனவ காளி மக ஒருத்திதான். மனுவ காளி வாபஸ் வாங்கணும். இல்லேன்னா ஸ்டேஷன்ல புகார் கொடுப்பேன்."

களத்தில் தூற்றிக்கொண்டிருந்த காளியம்மாளின் காதுக்கு இது மதியமே போய்விட்டது. வீட்டுக்கு ஓடி மகளின் பையைக் கவிழ்த்தாள். பெட்டி விழுந்தது.

"அவதாம்மா கொடுத்தா" என்று கண்ணாத்தாள் அழுதாள்.

"கொடுத்தான்னு தெரியும்டி. நான் நம்புறேன். ஊரு நம்பணுமே."

உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவள் கிளம்பினாள். ஆனால் பத்து நாள் வைத்திருந்த பொருளை வெறும் கையோடு கொண்டுபோய் நீட்ட அவளுக்கு மனம் வரவில்லை. இரவல் வாங்கிய முறத்தைக்கூட ஒரு பிடி தானியம் போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்கள் அவர்கள் வீட்டில். தூக்கில் புது நெல் ஒரு படி கொட்டினாள். மழை தூறியது. பெட்டியில் ஈரம் படக்கூடாது என்று பிளாஸ்டிக் பையில் சுற்றி நெல்லுக்குள் புதைத்து மூடினாள். வக்கீல் சொன்னது அவளுக்குத் தெரியாது.

ஹாஜா மைதீன் வாசலில் நான்கு பேரோடு உட்கார்ந்திருந்தார். மகளோடு போய் நின்று அவள் தூக்கைத் திறந்தாள். நெல்லைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார்.

"பாத்தீங்களா தந்திரத்த! குத்தகை அளக்க வந்துட்டா. எடுத்துக்கிட்டுப் போ. இந்தப் படியில ஒரு மணி விழக்கூடாது."

"ஐயா, நெல்லு இல்லீங்க, இதுக்குள்ள..."

அவள் அவசரமாகக் கையை விட்டுப் பெட்டியை வெளியே எடுத்தாள். வாசலில் இருந்த ஒருவர் சிரித்தார்.

"இத்தன வருஷம் பதருதான் விளைஞ்சுச்சு. இப்ப பெட்டியே விளையுதா காளி?"

"ஒளிச்சு வச்சுக் கொண்டாந்திருக்கா. நீங்கதான் சாட்சி" என்றார் ஹாஜா மைதீன். "மனுவ வாபஸ் வாங்குறியா, ஸ்டேஷனுக்கு வர்றியா?"

காளியம்மாள் மகளைப் பார்த்தாள். மகள் தலை நிமிரவில்லை. ஐந்து மாவா, பெண்ணின் பேரா என்று அந்த நிமிஷம் அவள் நெஞ்சுக்குள் நிறுத்துப் பார்த்திருப்பாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நூர்ஜஹான் வெளியே வந்துவிட்டாள், ஹலீமாவைக் கையில் பிடித்துக்கொண்டு.

"மச்சான், ஒரு நிமிஷம். ஹலீமா, அதைப் போடு."

ஹலீமா பட்டனை அழுத்தினாள். சின்னத் திரையில் இளவரசி நின்றாள். அவளுக்குக் கீழே ஆங்கில எழுத்தில் இரண்டு பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. முதலாவது ஹலீமா, இரண்டாவது கண்ணா.

"அத அந்தப் புள்ளையே போட்டிருக்கும்" என்றார் ஹாஜா மைதீன்.

ஹலீமா தாயின் கையை விட்டுவிட்டு ஓடிவிடுவாள் போலிருந்தது. ஓடவில்லை.

"நான்தான் போட்டேன் பெரியத்தா. அவளுக்குத் தனியா ஒரு ஆட்டம் வேணும்னு, குடுக்குறதுக்கு முன்னாடியே போட்டேன். அவ எடுக்கல. நான்தான் பையில வச்சேன். அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்."

வாசலில் இருந்தவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். சிரித்தவர் செருப்பைத் தேடினார்.

காளியம்மாள் பெட்டியை நூர்ஜஹான் கையில் வைத்துவிட்டுத் தூக்கை மூடினாள்.

"நான் வர்றேன் நூரம்மா."

"நில்லுங்க காளியக்கா. இது எங்களுக்குக் கொண்டாந்ததுதானே?"

"நூரு!" என்றார் ஹாஜா மைதீன். "வக்கீல் சொன்னது நினைவிருக்கா?"

"இருக்கு மச்சான். ஒரு குழந்தைய நம்ம வாசல்ல வச்சுத் திருடின்னு சொல்லிட்டோம். அதுக்கு மேல அவங்க கொண்டாந்ததையும் திருப்பி அனுப்பிட்டு, நான் எப்படி நோன்பு தொறப்பேன்?"

அவள் குரல் உயரவில்லை. தூக்கை வாங்கிக்கொண்டு படி ஏறி உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு ஹாஜா மைதீன் அவளோடு பேசவில்லை. யூசுப் ஷார்ஜாவிலிருந்து போன் செய்து, "நிலத்த நீயே தூக்கிக் கொடுத்துட்டியாமே" என்று கத்தினார். நூர்ஜஹான் கேட்டுக்கொண்டாள். அந்த ஒரு படி நெல்லை உரலில் குத்தி, பூண்டும் வெந்தயமும் சேர்த்து நோன்புக் கஞ்சி வைத்தாள். எந்த நெல் என்று ஹாஜா மைதீனிடம் மறைக்கவில்லை. அவர் கிண்ணத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பசி, குடித்தார்.

செவ்வாய்க்கிழமை திருவிடைமருதூர் தாலுகா ஆபீசில் விசாரணை. நூர்ஜஹானும் காளியம்மாளும் ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். தாசில்தார் ஹாஜா மைதீனைக் கேட்டார்.

"இந்தம்மாகிட்ட இருந்து உங்க வீட்டுல நெல் வாங்கினது உண்டா?"

வக்கீல் சொல்லிக்கொடுத்த பதில் ஒரே சொல். ஹாஜா மைதீன் அதைச் சொல்ல வாயெடுத்தார். நோன்பு வாய் வறண்டிருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி கிரீச்சிட்டது.

"வெள்ளிக்கிழமை ஒரு படி வாங்கினோம்" என்றார்.

வக்கீல் அவர் சட்டையைத் தொட்டு இழுத்தார்.

"அதுக்கு முன்னாடி?"

யார் முகத்தையும் பார்க்காமல், "அவ புருஷன் இருந்தப்போலேருந்து வாங்கியிருக்கோம்" என்றார் ஹாஜா மைதீன்.

தாசில்தார் எழுதிக்கொண்டார். உத்தரவு பின்னால் வரும் என்றார். மனை வாங்க இருந்தவர்களும் அன்று வந்திருந்தார்கள். சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். வக்கீல் வராந்தாவில் நின்று, இனி உங்கள் வழக்கை வேறு யாராவது பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும் டவுன் பஸ்ஸில் ஹாஜா மைதீன் முன்பக்கம் கம்பியைப் பிடித்து நின்றே வந்தார். நிலம் என்ன ஆகும், தம்பிக்கு என்ன பதில் சொல்வது, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. வீடு வந்தது. கை கால் கழுவிக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பியவர் அடுக்களைப் பக்கம் பார்த்தார். காளியம்மாளின் எவர்சில்வர் தூக்கு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

நாலு நாளுக்குப் பிறகு நூர்ஜஹானிடம் முதல் வார்த்தை பேசினார்.

"அவங்க தூக்கு இங்கேயே கிடக்குது பாரு. வெறுமனே அனுப்பிடாதே."