கடலுக்குள் ரசீதாவின் வீடு

1
இந்தக் கதை ஒரு புயலில் பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. பிறந்த இடம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு. சிவகிரி பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்தில் ஒருத்தி போனில், "ராத்தா, ஒங்க வீடு கடலுக்குள்ள இருக்கு" என்றாள். மிச்சம் என் கைச்சரக்கு.

2
கருமேகங்கள் சூழ்ந்த அந்த

(வேண்டாம். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது.)

முபஷ்ஷிரா, ஆராய்ச்சி மாணவி. கடலே இல்லாத ஊரில், மாடி அறையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் தூத்துக்குடி மேல் புயலை ஏவுகிறவள். என்றோ அடித்த புயலை எடுப்பாள்; வரப்போகும் காலத்தைப் பார்க்க, கடலை மட்டும் இரண்டு டிகிரி சூடாக்கி மறுபடி அடிக்க விடுவாள்.

(இது இருக்கட்டும்.)

3
அவள் ராத்தா, அதாவது அக்கா, ரசீதா தூத்துக்குடியில் கடலோரத் தெருவில் ஒரு வீடு வாங்கப்போகிறாள். முபஷ்ஷிரா அந்தத் தெருவுக்கும் புயலை ஓட்டினாள். தண்ணீர் மொட்டைமாடிக்கு மேல். அழுதுகொண்டே போன் செய்தாள். மச்சான் மைதீன் பாட்சா பத்திரப்பதிவைத் தள்ளிப்போட்டார்.

மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. அவள் புயலை ஓட்டும் கம்ப்யூட்டர் மாடல், ஊரைக் கட்டம் கட்டமாகப் பார்க்கும். ஒரு கட்டம் முழுக்கத் தரை, இல்லையென்றால் முழுக்கக் கடல். அக்காவின் தெரு கடல் கட்டத்தில் விழுந்திருந்தது. புயலில்லாத நாளிலும் அந்த வீடு தண்ணீருக்குள்தான்.*

"ஏட்டி, எங்கள எல்லாம் மீனாக்கிட்டியே!" என்றாள் ரசீதா.

பின்னாலிருந்து மச்சான்: "படக எங்கன கட்டணும்னு கேளு."

* இந்தப் பிழையைக் கேலி செய்து ஒரு பக்கம் எழுதினேன். என் முதல் வரைவில் ரசீதாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை, ஆனால் மச்சான் இருந்தார். பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

4
கட்டங்களைச் சிறிதாக்கி மறுபடி ஓட்டினாள். பழைய கடலில் தெரு காய்ந்து கிடந்தது. சூடான கடலில் தண்ணீர் சில ஓட்டங்களில் வாசற்படியோடு நின்றது. சிலவற்றில் ஜன்னல் மட்டத்துக்கு வந்தது. எல்லாவற்றையும் சரிபார்த்தாள். பிழை இல்லை. இப்போது யார் நம்புவார்கள்?

5
முடிவு அ: வீட்டை வாங்குகிறார்கள், புயல் வருகிறது. (கதாசிரியனுக்கு வசதியான புயல். நீக்கம்.)

முடிவு ஆ: வாங்குகிறார்கள், ஆயுசுக்கும் புயல் வரவில்லை. (அப்போதும் அவள் கணக்கு தப்பில்லை. இதை எப்படி எழுத என்று

முடிவு இ: பதிவுக்கு முந்தின நாள் போன்.

"வருமா, வராதா? ஒத்த வார்த்தையில சொல்லுட்டி."

"அப்படிச் சொல்ல முடியாது ராத்தா. வந்தா எம்புட்டுத் தண்ணிங்கதுதான்..."

"சரி, மாடல விடு. ஐப்பசி மழையில எம் பிள்ளைகளோட நீ அந்த முன்ரூம்புல வந்து படுப்பியா?"

முபஷ்ஷிரா

(இங்கே ஒரு வினைச்சொல் வேண்டும். எழுதியதையெல்லாம் அடித்துவிட்டேன். ரசீதா இன்னும் லைனில்தான் இருக்கிறாள். நீங்கள் பேசுங்கள்.)