ஏழாம் பாத்தி

அடுக்குமாடிக்குப் பின்னால் யாரும் எட்டிப் பார்க்காமல் கிடந்த காலி இடத்தில் முதல் கடப்பாரை போட்டது நான்தான். வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவள். கல்லும் கண்ணாடிச் சில்லும் பொறுக்கியே இரண்டு மாதம் ஓடியது. பிறகுதான் ஒன்பதாம் மாடிப் பல் டாக்டர் இறங்கி வந்தாள். அவள் நட்ட தக்காளி ஒரு வாரம் தாங்காது. "தண்ணி ஊத்தியே கொன்னுடுவீங்க போல," என்று திட்டுவேன், சிரிப்பாள். எப்போது அவள் என்னை அக்கா என்றாள், எப்போது நான் அவளை நீ என்றேன், இருவருக்கும் நினைவில்லை.

இன்று இருபது பாத்திகள். மாடிக்காரர்களும் பின் சந்துக்காரர்களும் ஒரே குழாயில் கை கழுவுகிறோம். அதுதான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கண்ணை உறுத்திவிட்டது. ஞாயிறு காலை நோட்டும் கையுமாக வந்து நின்றார்.

"இனிமே பாத்தி வீட்டுக்காரங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் மட்டும். இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்கறாங்க."

என் பாகற்கொடி அப்போதுதான் பிஞ்சு விட்டிருந்தது. செயலாளர் நோட்டைப் பிரித்தார்.

"ஏழாம் பாத்தி யாரோடது?"

"எங்க அக்காவோடது," என்றாள் டாக்டர். "உறவுன்னு எழுதிக்கோங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சந்துக்கார ஆட்டோ ஓட்டுநருக்கு மாமாவாக ஒரு மாடிக்காரர் தயாராகவே நின்றார். காரியம் சுலபமாக முடிந்திருக்கும். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"நீ அக்கான்னு கூப்பிடறது எனக்கு உசுரு. அதை இவர் நோட்டுல எழுத வைக்காதே. இடத்தை யாரும் எனக்குக் கொடுக்கல. கல்லு பொறுக்கி எடுத்தேன்."

டாக்டர் முகம் சுருங்கியது. கோபித்துக்கொண்டாள் என்றே நினைத்தேன். அவள் செயலாளர் பக்கம் திரும்பினாள்.

"அப்போ என்னோட எட்டாம் பாத்தியை அடிச்சிடுங்க. அக்கா இல்லாத தோட்டத்துல எனக்கென்ன வேலை?"

"என்னோட மூணாம் பாத்தியையும்," என்றார் மாமாவாக நின்றவர்.

கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்த செயலாளரின் மனைவி நிமிரக்கூட இல்லை. "நம்ம பன்னண்டாம் பாத்தியையும் அடிச்சிடுங்க. நாளையிலேருந்து காய் வாங்க நீங்களே கடைக்குப் போங்க."

செயலாளர் பேனாவைத் திறந்தார், மூடினார். கடைசியில் என்னிடமே வந்தார்.

"சரி, என்னன்னுதான் எழுதறது?"

"ஏழாம் பாத்தி, இஸ்திரிக்காரி. உறவுக் கட்டத்துல ஒரு கோடு போடுங்க."

போட்டார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

"எட்டு?"

"பல் டாக்டர்," என்றாள் என் தங்கை. "எனக்கும் கோடுதான்."