அரை கிராமுக்குக் கீழே

விமானத்தின் கதவு ஒன்றிலிருந்து அவன் முதன்முதலாகக் குறைத்த நாற்பது கிராம், அன்று மாலையே அவன் வீட்டுச் சமையலறைக் கரண்டியில் வந்து சேர்ந்தது. கதவின் கைப்பிடியைக் கொஞ்சம் மெலிதாக்கியதில் மிச்சமான எடை அது. கரண்டியை எடுத்த மனைவி, என்ன இது இப்படிக் கனக்கிறது என்று கேட்டாள். அவன் வாங்கிப் பார்த்தான். விமானத் தொழிற்சாலையில் எடைப் பிரிவு இஞ்சினியர் அவன். எந்தப் பொருளையும் கையில் வாங்கினாலே எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவான். நாற்பது கூடியிருக்கிறது என்றான். பிறகு இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

எடைப் பிரிவுக்காரர்களைத் தொழிற்சாலையில் யாருக்கும் பிடிக்காது. இறக்கைக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு தாங்கியை வரைந்து முடித்தால், இவர்கள் வந்து நின்று, இதில் ஒரு ஓட்டை போட்டால் என்ன, இந்தத் தகடு இவ்வளவு தடிமன் எதற்கு என்று பிய்த்துப் பிடுங்குவார்கள். பிரிவின் தலைவருக்குக் கால்கிராம் என்று பட்டப்பெயர். பென்சிலைக்கூட மேசையில் வைத்துவிட்டுத்தான் விமானத்துக்குள் ஏறுவார். அவரிடம் நல்ல பெயர் வாங்குவது குதிரைக்கொம்பு. அதை இவன் வாங்கினான். அதற்கு எட்டு வருடம் ஆனது. அந்த எட்டு வருடத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் தலை நரைத்தது. பிள்ளை வேண்டும் என்று டாக்டரைப் பார்க்கக் குறித்து வைத்த நாட்களையெல்லாம் ஒவ்வொன்றாக விமானம் எடுத்துக்கொண்டது. அடுத்த மாதம் போகலாம் என்று அவன் சொல்வான், அவளும் சரி என்பாள்.

ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள் என்று எல்லா மனைவிமாரும் சொல்வதுதான். இவளுக்கு அதைச் சொல்ல மற்றவர்களைவிட நியாயம் அதிகம். சுவர்க் கடிகாரம் ஒன்பது கிலோ ஆகி ஆணியோடு பெயர்ந்து விழுந்தது. சீப்பு ஒரு கிலோவைத் தாண்டியது. அலமாரியை நகர்த்த ஐந்து பேர் வேண்டியிருந்தது. மேல்மாடியில் குடியிருப்பது ஆபத்து என்று கீழ்வீட்டுக்கு மாறினார்கள். அங்கேயும் தரை சில இடங்களில் உள்வாங்கியது. அவன் கொக்கித் தராசு ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுச் சாமான்களை ஒன்று விடாமல் நிறுத்து நோட்டில் எழுதினான். தொழிற்சாலையில் குறைந்ததும் வீட்டில் கூடியதும் கிராம் பிசகாமல் ஒத்துப்போயின. அதில் அவனுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

நாலாம் வருடத்திலிருந்து மனைவி, உடம்பு கனமாக இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். பார்த்தால் ஆள் ஊதினால் பறந்துவிடுவாள் போலத்தான் இருந்தாள். அவளுக்கு நூலகத்தில் வேலை. ஒருநாள் மேல்தட்டுப் புத்தகத்தை எடுக்க ஏறியபோது ஏணிப்படி முறிந்தது. ஏணி பழசு என்றார்கள். செருப்பு மாதம் ஒன்று தேய்ந்தது. செருப்பு மட்டம் என்றார்கள். கட்டிலில் அவள் படுக்கும் பக்கம் குழிந்தது. டாக்டர் தன் எடை மெஷின் கெட்டுப்போயிற்று என்று அதைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவள் கணவனிடம் மறுபடி சொன்னபோது, அவன் நோட்டைப் பிரித்துக் காட்டினான். கூட்டிப் பார்த்துக்கொள், எல்லாம் சாமான்களிலேயே இருக்கிறது, உன்மேல் ஒரு கிராமும் இல்லை என்றான். அவள் கூட்டிப் பார்க்கவில்லை.

எட்டாம் வருடக் கடைசியில் விமானத்தை எடை போட்டார்கள். கொட்டகையின் கதவுகளைச் சாத்தி, மின்விசிறிகளை நிறுத்தி, காற்று அசையாமல் செய்து, சக்கரங்களுக்குக் கீழே தராசுகளை வைத்தார்கள். யாரும் வேகமாக நடக்கக்கூடாது என்று உத்தரவு. எண்கள் வந்தன. கணக்கில் இருந்ததைவிட எண்பது கிலோ குறைவு. எல்லாரும் கைதட்டினார்கள். கால்கிராம் சிரித்ததை அன்றுதான் தொழிற்சாலை பார்த்தது. இவன் மட்டும் பழைய கணக்குத் தாள்களைப் புரட்டினான். எடைப் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு உருப்படியில் அரை கிராமுக்குக் கீழே மிச்சமானால், அதைப் பூஜ்யம் என்றே எழுதுவார்கள்; கடைசியில் நிறுக்கும்போது விமானம் கணக்கைவிட இலேசாக வந்தால் பெயர் வாங்கலாம் என்ற சாமர்த்தியம். நாலாம் வருடம் இவன், தகடுகளை இணைக்கும் ரிவெட்டு ஆணிகளையெல்லாம் இன்னும் இலேசானவையாக மாற்றச் சொல்லி எழுதியிருந்தான். ரிவெட்டுக்கு மிச்சம் ஒரு கிராமில் பத்தில் நான்கு பங்கு. பூஜ்யம் என்று எழுதினான். விமானத்தில் இரண்டு லட்சம் ரிவெட்டுகள் இருந்தன.

அவன் வீட்டுக்கு ஓடினான். கட்டிலில் உட்கார்ந்திருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை.

"வீட்ல இருக்கிற கரண்டி, சீப்பு எல்லாத்தையும் நிறுத்துப் பாத்தீங்க. என்னை ஒரு தடவ தூக்கிப் பாத்தீங்களா?"

அவன் குனிந்து இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. அவள் தோளில் முகத்தை வைத்து அழுதான்.

மறுநாள் கால்கிராமிடம் போய், பழைய ரிவெட்டுகளையே திரும்பப் போட்டுவிடலாம் என்று மன்றாடினான். அவர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். "எண்பது கிலோன்னா ஒரு ஆளுப்பா. ஒரு சீட் கூடப் போடலாம்னு மேல முடிவே பண்ணிட்டாங்க" என்றார். தன் வீட்டில் எந்தச் சாமான் கனக்கிறது என்று அவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மேசைக்கு வந்த வரைபடங்களிலெல்லாம், குறைக்க இடமில்லை என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினான்.

சோதனைப் பறப்புகள் தொடங்கின. தினமும் பிற்பகல் நான்கு பத்துக்கு விமானம் அவர்கள் தெருவுக்கு மேலே போகும். முதல் நாள் அது போனபோது, சுவரைப் பிடித்துக்கூட எழ முடியாமல் இருந்தவள் சட்டென்று எழுந்து ஜன்னலுக்கு நடந்தாள். சத்தம் தேயத் தேயக் கால்கள் இழுத்தன. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நிமிடம்தான். தன்மேல் ஏறிய எடைக்குச் சொந்தமான விமானம் தலைக்கு மேலே வருகிறபோது அந்த எடை தன்னை மறந்துவிடுகிறது என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். அன்றிலிருந்து அவன் தினமும் அந்த நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவான். இரண்டாம் நாள் அவளைத் தூக்கினான். அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினான்.

"இப்ப எத்தனை கிராம்?" என்றாள்.

"தெரியலம்மா" என்றான். உண்மையிலேயே அவனுக்குத் தெரியவில்லை. கையில் எடுத்த பொருளின் எடை தெரியாமல் போனது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

ஐந்து மாதம் அப்படி வாழ்ந்தார்கள். அந்த இரண்டு நிமிடங்களில் அவள் தலை வாரிக்கொண்டாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள், ஒருமுறை வாசல்வரை போய்ப் பக்கத்து வீட்டுக்காரியிடம் நலம் விசாரித்துவிட்டுத் திரும்பினாள். பிறகு சக்கரத்தில் ஏதோ கோளாறு என்று விமானத்தைக் கொட்டகையில் நிறுத்தினார்கள். ஒன்பது நாள் அது பறக்கவில்லை. மூச்சு இழுப்பதே அவளுக்குச் சுமை தூக்குவதாக ஆனது. அவன் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தான். ஆறாம் நாள் நான்கு பத்துக்கு அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். இன்றைக்கும் வராதா என்று கேட்டாள். நாளைக்கு வந்துவிடும் என்றான். அவள் சரி என்றாள். ஐந்து மணிக்கு அவள் மூச்சு நின்றது. எடைப் பிரிவிலிருந்து எட்டுப் பேர் வந்து அவளைத் தூக்கினார்கள். இவ்வளவு மெலிந்தவளுக்கு எட்டுப் பேர் எதற்கு என்று தெருவில் சிலர் கேட்டார்கள். கால்கிராம் தலைமாட்டில் தோள் கொடுத்தார்.

விமானம் இப்போது பயணிகளை ஏற்றிக்கொண்டு அதே நேரத்துக்குப் போகிறது. கூடுதலாகப் போட்ட சீட் கடைசி வரிசையில் இருக்கிறது. அதில் யாராவது உட்கார்ந்துதான் போகிறார்கள். அவன் இன்னும் அந்தக் கீழ்வீட்டில்தான் இருக்கிறான். கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துச் சமைக்கிறான். கட்டிலில் அவள் படுத்த பக்கத்துக் குழி அப்படியே இருக்கிறது. நான்கு பத்துக்கு மட்டும் அது மெல்ல மேலே எழும்பிச் சமமாகிறது, இரண்டு நிமிடம் நிற்கிறது, பிறகு பழையபடி அமுங்குகிறது. விரிப்பு மாற்றுவதென்றால் அவன் அந்த நேரத்தில்தான் மாற்றுகிறான். சுருக்கம் இல்லாமல் விரிக்க முடிகிறது.