பச்சைக் கோடு

2024 நவம்பர் 16, தென்கொரியாவின் குன்சான் நகரம். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் பியோன் தொக்சு தன் வீட்டுச் சமையலறையில் மாரடைப்பால் இறந்தார்.

மறுநாள் மருத்துவமனையின் இறுதிச்சடங்குக் கூடத்தில், துக்க அடையாளமாகத் தலைமுடியில் வெள்ளை நாடா குத்தியிருந்த மகள் ஹேரிம், வந்தவர்களுக்குக் காரமான மாட்டிறைச்சி சூப்பைப் பரிமாறிக்கொண்டிருந்தாள். தட்டைத் தூக்கும்போதெல்லாம் மணிக்கட்டு வலித்தது.

"கேம் விளையாடியே உயிர் காப்பாத்தக் கத்துக்கிட்ட பொண்ணு," என்றார் பெரியப்பா, சோஜு மதுக் கிண்ணத்தைக் கீழே வைக்காமல். "விளையாடப் போறப்பல்லாம் தொக்சுவையும்ல இழுத்துட்டுப் போவா."

தீயணைப்புத் துறை அவர்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் வைத்திருந்த விளையாட்டு அது. மெய்நிகர் கண்ணாடியை மாட்டினால், ரயில் நிலையத் தரையில் சாம்பல் நிறச் சட்டைக்காரர் ஒருவர் மூச்சில்லாமல் கிடப்பார். கைக்குக் கீழே நிஜத்தில் இருப்பது ஒரு ரப்பர் பொம்மை. அதன் மார்பைத் தாளம் பிசகாமல் அழுத்தினால் ஓரத்தில் பச்சைக் கோடு ஏறும். அது நிறைந்ததும் சட்டைக்காரர் இருமி எழுந்து, குனிந்து நன்றி சொல்வார்.

"இந்தாளுக்கு வேற வேலையே இல்லையா?" என்பார் அப்பா. "தினமும் சாகுறான், தினமும் எந்திரிச்சுக் குனியுறான்."

முந்தின நாள் சமையலறையில் அப்பாவின் மார்பை அழுத்தியபோதும் அவள் தாளம் பிசகவில்லை. கோடு நிறைந்திருக்க வேண்டிய நேரம் வந்தது. பழகிய கைகள் தாமாகவே மார்பிலிருந்து விலகின. அப்பா இருமுவதற்காக அவள் காத்திருந்தாள்.

தொலைபேசியில் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். "ஏன்டி நிறுத்திட்ட?"

அதன் பிறகுதான் ஹேரிம் மறுபடி அழுத்தத் தொடங்கினாள்.

"ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கையே எடுக்கலையாமே?" என்றார் பெரியப்பா.

ஹேரிம் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மேசையில் சிந்தியிருந்த சூப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"எடுக்கல," என்றாள் அம்மா. "பெரியப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வை."

அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

ஜனவரியில் பொதுக்கூடத்தில் பயிற்சி மறுபடி நடந்தது. ஹேரிம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மண்டியிட்டாள். பச்சைக் கோடு நிறைந்தது. சட்டைக்காரர் இருமினார், எழுந்தார், குனிந்தார்.

"முடிஞ்சிருச்சும்மா," என்றார் பயிற்சியாளர்.

"அந்தாளு பொழைச்சுட்டாரு அக்கா, விட்டுருங்க," என்று வரிசையில் யாரோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

பயிற்சியாளர் கருவியை அணைத்தார். கண்ணாடிக்குள் இருட்டானது. அவள் கைகளுக்குக் கீழே பொம்மையின் மார்பு தாளம் பிசகாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.